கெட்டித் தண்ணீரும் ஒரு துணுக்கு அப்பமும்

தண்ணீரைக் கரண்டியில் அள்ளி ஊட்டலாம் என்று சொந்த ஊரான கம்பத்தில் இருக்கும் நம் சனங்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மாவைக் கலந்து தண்ணீரைக் கஞ்சியாக்கி விடுகிறார்கள். பக்கவாதம் வந்த என் மனைவி ஞானத்துக்கு வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் வைத்தியம் கற்றுத்தரும் கல்லூரியும் இதுதான். கேரளத்து உடும்பஞ்சோலை ஏலக்காட்டிலிருந்து மலையிறங்கி வந்திருந்தோம்.

அன்று மாணவர்கள் நடுவே எங்களை உட்கார வைத்தார்கள். ஞானம்தான் பாடம். வாய்வழியே ஊட்டலாமா, மூக்கில் குழாய் போடுவதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் டீச்சர், "எதை வெச்சுப் பறையுன்னே?" என்று ஆதாரம் கேட்டு மடக்கினார். ஆராய்ச்சியில் படித்தது, கண்ணால் பார்த்தது, நோயாளி விரும்புவது, மூன்றும் வேண்டுமாம். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சேட்டா, சேச்சிக்கு எந்தா வேண்டது?"

என்ன வேணும் என்று உபசாரத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "ஒண்ணும் வேண்டாம் டீச்சர்" என்றேன். லின்சி என்ற மாணவி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"வாய்க்கு ஒண்ணும் வேண்டாம்னா, அப்போ குழாய்தான்" என்றான் ஒரு பையன்.

கல்யாணமான புதிதில் ஏல மலைக்கு வந்தோம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மலையாளம் பேச இன்னும் கூசும். ரேஷன் கடையோ, எஸ்டேட் ஆபீஸோ, கேட்டு வாங்குவது ஞானம்தான். "ஒங்களுக்கு வாய் எதுக்கு, பீடிக்கா?" என்பாள். இப்போது அவளால் வாய்விட்டுக் கேட்க முடியாது. வலக்கை மடியில் கிடக்க, இடக்கையால் என் சட்டையை இழுத்தாள்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிச்சா இவ வாயத் தொறக்குறா. நற்கருணை அப்பம் வாங்கணும் இவளுக்கு."

"குர்பானயோ?" என்று அதையே தன் மொழியில் கேட்டு, லின்சி பேனாவை வைத்துவிட்டாள்.

உலர்ந்த அப்பம் தொண்டையில் ஒட்டும் என்றான் பையன். அதுவும் சரி, பரீட்சித்துப் பார் என்றார் டீச்சர். மந்திரிக்காத அப்பத்தில் ஒரு துண்டு கொடுத்தார்கள். இருமினாள். இன்னும் சிறிதாகக் கிள்ளி, கெட்டித் தண்ணீரில் ஊறவைத்ததும் இறங்கியது. கோயிலில் ஒருமுறை பார்க்கலாம், விழுங்கியபின் குரலில் ஈரம் கேட்டால் நுரையீரலுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம், அப்புறம் குழாய்தான் என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை மலையாளப் பூசை. ஞானத்தின் குரலைக் கேட்க லின்சியும் வந்திருந்தாள். ஜெபங்கள் எனக்குத் தமிழில்தான் வரும், உதட்டுக்குள்ளேயே சொன்னேன். பூசை வைத்த அச்சன் அப்பத்தில் துணுக்கு கிள்ளி, கெட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் கரண்டியில் ஞானத்துக்கு ஊட்டிவிட்டு, மீதியை என் நாக்கில் வைத்தார். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லச் சொல்லி, லின்சி குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஒந்நு பறயூ, சேச்சி."

ஞானத்தின் உதடு கோணியது.

"ஆமென்" என்றாள், ஈரமில்லாத குரலில்.

லின்சியும் அதையே சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள். மலையாளப் பாட்டு தொடங்கியது. என் பங்கு அப்பம் இன்னும் நாக்கிலேயே இருந்தது, எந்த மொழியில் நன்றி சொல்லி விழுங்குவதென்று தெரியாமல்.