ரெஜினா மிஸ் தள்ளிவைத்த தேநீர்

சென்ற திங்கட்கிழமை மாலை, மழை விட்ட நேரத்தில், என் மகள் செல்வி வாசலில் வந்து நின்றாள். "அப்பா, மிஸ் போயிட்டாங்க" என்றாள். வட்டகொடைச் சந்தியில் ஒட்டியுள்ள மரண அறிவித்தல் செவ்வாய் என்கிறது. அது பிழை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ரெஜினா அவர்கள் மறைந்தது திங்கட்கிழமைதான்.

செல்வியின் முதற்குழந்தை வயிற்றில் மிகப் பெரிதாக வளர்ந்து, பிறக்கும்போதே இறந்தது. கருவுற்ற காலத்தில் அவளுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்ததைப் பிறகே அறிந்தோம். அவள் மீண்டும் கருவுற்றதும், வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார் மிஸ்.

என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. "புள்ளத்தாச்சி பட்டினியாவா போறது? ஒரு வாய் தேத்தண்ணியில என்ன ஆகிடும்?" என்று குடிக்க வைத்தே அனுப்பினார்.

கிளினிக்கில் மிஸ் கேட்டார்: "என்னம்மா குடிச்சே?"

"ஒண்ணுமில்ல மிஸ்."

"வாயில இஞ்சி மணக்குதே! போ, அடுத்த கிழமை வா."

அடுத்த கிழமை அடுப்பு மூட்டும் முன்பே மிஸ் எங்கள் வீட்டில் அமர்ந்திருந்தார். மனைவி நீட்டிய தேநீரைத் தள்ளிவைத்தார்.

"நானும் இன்னும் குடிக்கலம்மா. இவ ரத்தம் குடுத்துட்டு வரட்டும், ஒண்ணா ஊத்துங்க."

"ஒங்களுக்கு எதுக்கு மிஸ் இந்தப் பட்டினி?"

"நான் குடிக்காம இருந்தா நீங்க இவளுக்கு மட்டும் ஊத்துவீங்களா? அதான்!"

கிளினிக்கில் செல்வி இனிப்புத் தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மீண்டும் இரத்தம் கொடுக்கும்வரை, மிஸ்ஸும் பச்சைத் தண்ணீரன்றி எதுவும் அருந்தவில்லை.

முடிவு வந்தது. சீனி கூடுதல். செல்வி அழுதாள்.

"அழாதே. போன தடவ தெரியாமப் போச்சு. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? இனி நாம பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டார். சோற்றின் அளவைக் குறைக்கச் செய்தார். மாலையில் நடக்க வைத்தார். டொக்டரிடம் தவறாமல் அனுப்பினார். பேத்தி நலமாகப் பிறந்தாள். இவ்வாண்டு முதலாம் வகுப்பில் படிக்கிறாள்.

செல்வி இப்போது மீண்டும் கர்ப்பிணி. மிஸ்ஸின் நல்லடக்கமும் அவளுடைய பரிசோதனையும் ஒரே புதன்கிழமையில் வந்தன. விடிந்ததும் மரண வீட்டுக்கு வந்து, பெட்டியருகே நெடுநேரம் நின்றாள். யாரோ தேநீர்த் தட்டை நீட்டினார்கள். என் மனைவி குறுக்கே கை வைத்தார்.

"அவளுக்கு வேணாம். டெஸ்டுக்குப் போறா."

"அப்ப நீங்களாவது எடுத்துக்குங்கம்மா."

"அவ வரட்டும்."

செல்வி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள். அவள் திரும்பும்வரை என் மனைவி பெட்டியின் தலைமாட்டில் எதுவும் அருந்தாமல் அமர்ந்திருந்தார். நானும்தான்.

நிம்மதியாக உறங்குங்கள், மிஸ். இவளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.