பாதாம் மரத்தின் மேல் போட்ட பழி

அந்த மீன்களைக் கொன்றவள் நான்தான். பழியை ஒரு பாதாம் மரத்தின் மேல் போட்டேன். மரத்தோடு சேர்த்து, அதற்குச் சொந்தக்காரனையும் குற்றவாளியாக்கினேன்.

மீன்தானே, இதற்கு இவ்வளவு பீடிகையா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள்! முழுவதும் கேட்டபிறகும் அப்படித்தான் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீடு. நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு ஒன்று மாறினால் பத்து மடங்கு வேறுபாடு, இரண்டு மாறினால் நூறு மடங்கு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, புரியாத பிள்ளைகளை முறைக்கிறவள். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

என் கணவரின் தம்பி செந்தில் எங்களோடுதான் இருக்கிறான். மணமுறிவுக்குப் பிறகு அறைக்குள் முடங்கிப்போனவன். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். அவனை வெளியே இழுத்து வந்தது அவன் சிநேகிதன் அய்யனார். ஒருநாள் வண்டியூரிலுள்ள தன் வீட்டிலிருந்து ஒரு ஜோடி டிஸ்கஸ் மீனைக் கொண்டு வந்தான். "என்னால பாத்துக்க முடியல மாப்ள, நீ வச்சுக்க" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போனான். நல்ல பொய்!

தட்டைப்போல வட்டமான மீன்கள் அவை. லேசான அமிலத்தன்மையுள்ள மென்மையான தண்ணீரில்தான் குஞ்சு பொரிக்கும். எங்கள் போர் தண்ணீரோ, பாத்திரமெல்லாம் வெள்ளை படிய வைக்கும் உப்புத் தண்ணீர். செந்தில் தண்ணீரைச் சுத்திகரித்து, மாடியில் ஒரு ட்ரம்மில் பக்குவப்படுத்தி வைப்பான். அய்யனார் வீட்டு மரத்தின் காய்ந்த பாதாம் இலைகளை வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் போடுவான். இலைச்சாறு இறங்கித் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அவன் கேட்டபோது பிஎச் தாள் வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

"தண்ணி மாறுனதே அதுகளுக்குத் தெரியக் கூடாது மதினி" என்பான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஊற்றுவான். எனக்கே வகுப்பு எடுக்கிறானே என்று நான் சிரித்திருக்கிறேன்.

பிறகு குஞ்சுகள் வந்தன. தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்றுகொடுக்க, அவற்றின் உடம்பில் ஊறும் சளியைத் தின்றே வளரும் குஞ்சுகள்! செந்தில் வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவன் சத்தம் போட்டுச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று... அந்த வாரமே, பெண் பார்க்கச் சம்மதம் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள்தான் அய்யனார் புதிதாக இலைகள் கொடுத்து, செந்தில் அவற்றைத் தொட்டிக்குள் போட்டிருந்தான். விருந்தாளிகளை அழைத்துவரச் செந்தில் பேருந்து நிலையம் போயிருந்தான். நான் வரவேற்பறையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். திரைச்சீலை புதிது, சோபா விரிப்பு புதிது... நட்ட நடுவில் சாக்கடை நிறத்தில் ஒரு தொட்டி! மீன் தொட்டியைக்கூடக் கழுவாத வீடு என்று நினைத்துவிட்டால்?

மாடி ட்ரம்மிலிருந்து வாளி வாளியாக இறக்கினால் பட்டுச்சேலை என்னாவது? கொல்லையில் போர் தண்ணீர்க் குழாய் இருந்தது. பழைய தண்ணீரை முக்கால்வாசி வெளியேற்றிவிட்டு, அதில் ரப்பர் குழாயை மாட்டித் தொட்டிக்குள் விட்டேன்.

அப்போது பிஎச் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்கிறீர்களா? வந்தது! அதுதானே கொடுமை... ஒருநாள்தானே, தாங்கிக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொட்டி பளிங்காக மின்னியது. வந்தவர்கள் பாராட்டினார்கள். செந்தில் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "எந்தத் தண்ணி மதினி?"

"மாடி ட்ரம்ல இருந்ததுதான் தம்பி."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்! ட்ரம் நிறைந்திருந்தால் பொய் வெளுத்துவிடுமே என்று, அவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மாடிக்குப் போய் அதைக் கவிழ்த்தேன். பக்குவப்படுத்திய தண்ணீர் முழுவதும் மொட்டைமாடியில் ஓடி வடிந்தது.

விருந்தாளிகள் கிளம்பியபோது மீன்கள் கறுத்து, ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தன. குஞ்சுகள் பெற்றவர்களின் உடம்பிலிருந்து தூசியாக உதிர்ந்துகொண்டிருந்தன. செந்தில் பிஎச் தாளை என் கையில் திணித்தான்.

"மதினி, தாள வச்சுப் பாருங்க..."

வைத்தேன். தாள் நீலப்பச்சையாக மாறியது. எட்டு. இருக்க வேண்டியது ஆறு.

"ஆறு இருக்கு தம்பி" என்றேன். தாளை உள்ளங்கைக்குள் கசக்கினேன். காட்டுங்கள் என்று அவன் கேட்கவில்லை. ஏன் கேட்பான்? வேதியியல் ஆசிரியை சொல்கிறாளே!

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றிரண்டாவது பிழைத்திருக்குமோ... நல்ல தண்ணீர் எங்கே இருந்தது? அதைத்தான் நான் கவிழ்த்துவிட்டேனே!

"தண்ணி சரியாத்தான் இருக்கு. அப்ப இலைதான்" என்றான் செந்தில். உடனே அய்யனாரைத் தொலைபேசியில் அழைத்தான். "மருந்தடிச்ச இலையக் குடுத்துட்டயேடா! இனி என் மூஞ்சில முழிக்காத!" அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. நான் அடுக்களையில் காபித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தம்ளரையே மறுபடி மறுபடி கழுவினேன்.

அய்யனார் ஒருமுறை வாசல்வரை வந்தான். செந்தில் அறையை விட்டு வெளியே வரவில்லை. பெண் வீட்டாரிடமிருந்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. தொட்டி பளிச்சென்று இருந்தது மட்டும் மிச்சம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். சில வாரங்கள் கழித்து அய்யனார் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். கையில் ஒரு துணிப்பை, நிறையப் பாதாம் இலைகள். மதினி என்று வாய்நிறையக் கூப்பிடுகிறவன் அன்று "டீச்சர்" என்றான்.

"டீச்சர், இத டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. நாங்க மருந்தே அடிக்கல. பக்கத்துத் தோட்டத்துல அடிச்சது காத்துல வந்துருக்குமோ என்னமோ. எங்க ஆடு அம்புட்டு இலையத் தின்னுது, ஒண்ணும் செய்யல. ஆனா செந்தில் சொன்னா சரியாத்தான இருக்கும்?"

பையின் வாயை விரித்துக் காட்டினான்.

"எங்கண்ணன் பிள்ளைக அந்தப் பழத்தப் பொறக்கித் திங்குதுக டீச்சர். சந்தேகம்னா வெட்டிருவோம்ங்கறாரு அப்பா. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தை! மரமும் பிழைத்திருக்கும், நட்பும் பிழைத்திருக்கும். ஆனால் செந்தில் என்னை எப்படிப் பார்ப்பான்? என் கணவர்? உறவுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தக் கதைதானே ஓடும்? கௌரவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். பயம்தான் அது, வெறும் பயம்.

"உறுதியாச் சொல்ல முடியல தம்பி" என்றேன். பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மரத்தை வெட்டிவிட்டார்கள். அடுத்த முறை வண்டியூர் வழியாகப் பேருந்தில் போனபோது பார்த்தேன். நிழலாக இருந்த வாசலில் வெயில் கொட்டிக் கிடந்தது. அய்யனார் அடிமரத்தின் மேல் உட்கார்ந்து வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

செந்தில் வேறு எங்கோ போய்ப் புது ஜோடி வாங்கி வந்தான். தண்ணீர் மாற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறான். "நீங்க பாத்தாத்தான் மதினி எனக்கு நிம்மதி." எப்படி இருக்கிறது என் தண்டனை! ட்ரம் தண்ணீரைத் தாளால் சோதித்து, குவளை குவளையாகத்தான் ஊற்றுகிறேன். இலைக்கு எங்கும் அலையவில்லை. அய்யனார் கொடுத்த பையிலிருந்தே எடுத்துப் போட்டேன். எதற்காக? அவன் குற்றமற்றவன் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளவா? எனக்குத்தான் முதல் நாளிலிருந்தே தெரியுமே...

போன ஞாயிறு புதுக் குஞ்சுகள் தாயின் மேல் மொய்த்துக்கொண்டிருந்தன. செந்தில் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இலை அருமையா இருக்கு மதினி. எங்க எடுத்தீங்க?"

"பள்ளிக்கூடத்து மரம் தம்பி."

"இனிமே அந்த மரத்து இலையே போதும். அடுத்த வாரம் கொஞ்சம் சேத்துக் கொண்டு வாங்க."

பள்ளிக்கூடத்தில் பாதாம் மரமே கிடையாது. அய்யனாரின் பையில் அடித்தூள் மட்டும்தான் கிடந்தது.

"கொண்டு வாரேன்" என்றேன்.