வீராயியின் ஐஸ் தண்ணீர்

தன் பெட்டியை விட்டு ஓடிப்போன தண்ணீருக்கும் ஒருவர் பொறுப்பாக முடியுமா? பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் வீராயிக்கு இது விளங்கவேயில்லை. ஐஸ் கட்டியாக இருந்தவரை வைத்த இடத்தில் கிடந்தது. உருகியதும் சரிவு பார்த்துப் போய், பக்கத்தில் பூ விற்கும் சரிதாவின் கூடைக்கடியில் தேங்கியது.

"யக்கா, இது சாமிக்குப் போற பூவு. மீன் தண்ணி பட்டா எவ வாங்குவா?" என்றாள் சரிதா.

வீராயிக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான். அவளை இழக்க மனமில்லாமல் மறுநாள் கருவாடு கொண்டுவந்தாள். கருவாடு உருகவில்லை, ஓடவில்லை. ஆனால் வெயில் ஏறியதும் அதன் வாடை மல்லிகைக்குள் புகுந்தது.

"தண்ணியாவது பள்ளத்துப் பக்கம்தான் போச்சி. இது நாலா பக்கமும் போவுதேக்கா! நீ மீனே வித்துக்க. நான் மேட்டுக்கு வரேன், எடம் மாத்திக்கலாம்."

வீராயி சரியென்று தலையாட்டினாள். எதைக் கொண்டுவந்தால்தான் தன் எல்லைக்குள் நிற்கும் என்று வீடு போகும்வரை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

விடிந்ததும் சரிதா பள்ளத்து இடத்தைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். மீனும் ஐஸுமாக வந்த வீராயி அதைத் தாண்டிப்போய், எல்லார் தண்ணீரும் வந்து சேரும் கடைசி மூலையில் உட்கார்ந்தாள். ஏனென்று கேட்ட சரிதாவிடம், "ஒன் எடத்துல ஒக்காந்தாலும் எனக்குக் கீழ ஒருத்தி இருப்பா. இங்கதான் யாரும் இல்ல" என்றாள்.