பெண்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தவர்

வாழவந்தியில் பிறந்து, மலைமேல் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஓட்டி, சென்ற மழைக்காலத்தில் எங்களை விட்டுப் பிரிந்த அப்பாவைப் பற்றி, அவருடைய நினைவு மலருக்காக, மகள் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். “நல்லபடியா எழுது கண்ணு” என்று பெரியப்பா போன் செய்து சொன்னார். அப்பாவைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

எனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கவிருந்த நேரம். அம்மாவுக்கு வலி கண்ட அன்று அப்பா எஸ்டேட் வேலையாகப் பஸ்ஸில் சேலம் போயிருந்தார். ஜீப் வாசலிலேயே நின்றது. ஓட்டத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அம்மாவும் போனார், வயிற்றுப் பிள்ளையும் போனது.

காரியம் முடிந்த கையோடு சொந்தங்கள் அப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். பிறகு பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் காபி காயப்போடும் களத்தில் எஸ்டேட் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். தெரிந்த ஒரே வித்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டதால்தான் அம்மாவை இழந்தோம் என்பார். மேட்டில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்காமல் எடுக்கச் சொல்வார். அது வராதவரை யாரையும் ரோட்டுக்கு விடமாட்டார்.

சொந்தங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று வாய் கூசாமல் பேசினார்கள். இவர்கள் உலகத்துக்குச் செய்த உபகாரம், போன கல்யாணத்திலெல்லாம் சாம்பாரில் உப்பில்லை என்று கண்டுபிடித்ததுதான்.

அப்பா சேலம் ஆஸ்பத்திரியில் கண்மூடினார். உடலை ஏற்றி வந்த வேன், மழையையும் பனிமூட்டத்தையும் பார்த்து அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. டிரைவர் மேலே வரமாட்டேன் என்றார். பின்னாலேயே அப்பாவின் ஜீப்பை ஓட்டி வந்தவர் செல்வி, அப்பாவிடம் கற்ற எஸ்டேட் தொழிலாளி. அப்பாவை ஜீப்புக்கு மாற்றலாம் என்றேன். பொம்பளை ஓட்டும் வண்டியில் பிணம் போகக் கூடாது என்று பெரியப்பா தடுத்தார். அப்படியானால் நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். அவருடைய வீரப் புதல்வர்கள் இருவரும் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மலையேறாமல் சமதரையில் மட்டும் ஓட்டுகிற சூரர்கள்.

செல்விதான் ஓட்டினார். பெரியப்பா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

வீட்டில் சடங்கு முடிந்து சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது பெரியப்பாவுக்கு மறுபடி தைரியம் வந்தது. “பொம்பளைக அங்க வரக் கூடாது. நீ எறங்கிக்க சாமி, இனி நாங்க பாத்துக்கறோம்.”

“எறங்கறனுங்க. அந்தச் சேத்து மேட்டுல யாருங்க ஓட்டுறது?” என்றார் செல்வி.

பெரியப்பாவின் புதல்வர்கள் மறுபடி செல்போனை எடுத்தார்கள். செல்வி ஓட்டினார், நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சுடுகாடு வரை போனேன்.

மாலை வாங்கி வந்தவர்களுக்கும், மழையில் நின்றவர்களுக்கும், எல்லோருக்கும் மேலாகச் செல்விக்கும் எங்கள் நன்றி. களத்தில் இப்போது நானும் செல்வியும் கற்றுக்கொடுக்கிறோம். போன மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார், பெரியப்பாவின் மூத்த மருமகள். அவர் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. “எனக்குச் சொல்லப் பயமா இருக்குதுங்க்கா, நீங்களே மலர்ல எழுதிப் போட்டுருங்க” என்றார்.

எழுதிவிட்டேன், பெரியப்பா.