ஜெயபாய் இடம்

"ஏட்டி, அங்க உக்காராத. அது ஜெயபாய் இடம்" என்றார் பரிபூரணம், பைனாகுலரின் கண்ணாடியைப் பேண்டேஜ் துணியால் துடைத்துக்கொண்டே. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு சேரும் கழிமுகம் அது. கண்ணுக்கெட்டிய வரை மணலும் சேறும்தான். இத்தனை பெரிய கரையில் ஒரு முழ இடத்துக்கு இவ்வளவு கெடுபிடி! எழுந்து அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

பரிபூரணத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. இராஜபாளையத்தில் எங்கள் தெரு அக்கா. நூல் மில்லில் வேலை பார்த்துக் காது மந்தமாகி, இப்போது பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறார். மில்லில் அடுத்த மெஷினில் நின்றவர் ஜெயபாய். அந்த இரைச்சலில் வாய் இருந்து என்ன பிரயோசனம்? இருவரும் கையால்தான் பேசிக்கொண்டார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினால், இழை அறுந்துவிட்டது, ஓடி வா என்று அர்த்தம்.

ஒரு தடவை சர்ச் வேனில் மணப்பாடு போனவர்கள், வழியில் இங்கே இறங்கிப் பூநாரைகளைப் பார்த்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பறவை வந்தால் காட்டுவதற்கும் அதே விரல் சைகைதான். பைனாகுலர் வாங்கித் தந்த ஜெயபாயின் மகனே, போன வருஷம் அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப் போய்விட்டான்.

சேற்றில் ஓடும் உள்ளான் குருவிகளைக் காட்டி, "ஷிப்டு முடியுற நேரத்துல நாங்க இப்படித்தான் ஓடுவோம்" என்று சிரித்தார். நீள அலகால் சேற்றைக் குடைந்த இன்னொன்றைக் காட்டி, "எங்க மேஸ்திரி. எல்லாத்துலயும் மூக்க நுழைக்கும்."

பிறகு சிரிப்பு நின்றது. "பாத்தா மட்டும் போதுமா? பக்கத்துல ஒருத்தி இருந்து ஆமாடின்னு சொல்லணும்லா?"

"நான் இருக்கேன்லாக்கா" என்றேன். காதில் விழவில்லையோ, விழாத மாதிரி இருந்தாரோ தெரியவில்லை.

அன்று ஜெயபாய் வருவதாகப் பேச்சு. அவருக்கும் சேர்த்துத்தான் எலுமிச்சைச் சோறு கட்டி வந்திருந்தார். வெயில் ஏறி, அவர் சோற்றுத் தூக்குவாளியைத் திறந்தபோது என் போனில் குரல் செய்தி வந்தது. ஜெயபாய்க்கு டைப் அடிக்கத் தெரியாது. அவர் பேசி அனுப்புவதைக் கேட்டுச் சொல்வது எப்போதும் நான்தான்.

"பூரணம், கால் முட்ட மடக்க ஏலலட்டி. மவனும் விடமாட்டேங்கான். இனிமே அம்புட்டுத் தூரம் வர முடியாது. நீ நல்லாப் பாத்துட்டு வா."

கத்திச் சொன்னால் பறவைகள் கலைந்துவிடும். அவர்களுடைய சைகையிலோ, அந்த விரல் உரசலைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. கையை விரித்தேன்.

"வரலியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "இனிமேலுமா?" என்றார். தலையாட்டினேன். அவர் தூக்குவாளியை மூடினார்.

சற்று நேரத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கின. பரிபூரணத்தின் கை தானாக இடப்பக்கம் போய், பாதியில் நின்றது.

"அவளுக்கு வீடியோ எடுத்து அனுப்பு."

போனைப் பறவைகள் பக்கம் நீட்டினேன்.

"அது இல்லட்டி" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். முகத்துக்கு நேராகக் கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார். எடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். விரல்கள் இன்னும் உரசிக்கொண்டேயிருந்தன.