ஒரு முழம் முள்கம்பி

குவெண்டா பாஸ்கோவை உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். இடுப்பு மூட்டை மாற்றி வைத்த டாக்டர் ஆறு வாரம் அடங்கி இருக்கச் சொல்லியிருந்தார். குனியக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது, கார் ஓட்டக் கூடாது. முதல் மூன்றையும் அவள் முதல் வாரத்திலேயே தலா ஒரு தடவை மீறிப் பார்த்துவிட்டாள். நாலாவதை மட்டும் மீற முடியவில்லை. மகன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மெல்பர்ன் போய்விட்டான்.

ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. காலையில் ஒன்பது மணிக்கு லூப்பே வருவாள். டோங்காத் தீவிலிருந்து வந்து மூன்று வருடமாக அந்த விம்மெரா வட்டாரத்துப் பண்ணைக் கிழடுகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பவள். நல்ல ஆகிருதி. பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடியவள். குவெண்டாவின் காலுறையை மாட்டிவிடும்போதே அந்தக் கால் தாளம் போடுவதைப் பார்ப்பாள்.

"இந்தக் கால் எங்க போகணும்கிறது?"

"கொட்டகைக்கு."

"இப்பதானே போயிட்டு வந்தீங்க?"

"அது நேத்து ராத்திரி மாதிரி இருக்கு."

"அரை மணி நேரம் ஆகலை."

கொட்டகையில் இருந்தது குவெண்டாவின் சேகரிப்பு. முள்கம்பி. பலகை பலகையாக, ஒவ்வொன்றும் சரியாக ஒரு முழம் நீளம், ஒன்றன் கீழ் ஒன்றாக நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். இரட்டை முறுக்கு, ஒற்றை முறுக்கு, தகட்டு முள், ஆணி முள், பன்றிக்குப் போடுவது, போரில் போட்டது. துருவைத் துடைக்கக் கூடாது, வார்னிஷ் பூசக் கூடாது. அவர்கள் சங்கத்தில் அதற்கெல்லாம் சட்டம் உண்டு. சங்கம் என்றால் முள்கம்பிக்கு மட்டும் இல்லை. அவ்வளவு ஆள் அந்த ஊரில் ஏது? டிராக்டர் இருக்கை சேர்க்கிறவர் ஒருவர், ரொட்டிப் பையை மூடும் பிளாஸ்டிக் வில்லைகளை நிறம் பிரித்து அடுக்குகிற அம்மாள் ஒருத்தி, மின்கம்பத்துப் பீங்கான் குமிழ்களை ஜன்னலில் நிறுத்தி வெயிலில் பார்க்கிற தம்பதி, இப்படிப் பதினாலு பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கூடத்தில் தேநீர், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி, பெருமை. முள்கம்பிக்காரர்கள் இரண்டே பேர்: குவெண்டா, டட்லி மாபி.

குவெண்டாவுக்கு இந்தப் பைத்தியம் வெளியிலிருந்து வரவில்லை. அவளும் புருஷன் ராஸும் முப்பத்தோரு வருடம் வேலி போட்டுப் பிழைத்தவர்கள். கூடாரம், தண்ணீர்ப் பீப்பாய், கம்பிச் சுருள். சுள்ளென்று காய்கிற வெயிலில் ஒரு பண்ணை முடிந்தால் அடுத்த பண்ணை. பழைய வேலியைப் பிடுங்கும்போது விதவிதமாக முள் வரும். ராஸ் அதைக் குழியில் போடுவான். அவள் ஒரு முழம் அறுத்து எடுத்து வைப்பாள். அவன் இறந்துபோன பிறகு அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியாமல் போனதற்கு அதுவே வடிகால் ஆயிற்று. இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய், யாரோ ஒருவர் வேலியை அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

அந்த வியாழக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு படம். கோலின் நோஸ்கே என்கிற பண்ணைக்காரர் தன் நிலத்தில் சூரிய மின்தகடு வரப்போகிறது என்று தொப்பியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். குவெண்டா அவரைப் பார்க்கவில்லை. அவர் முழங்காலுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். பேப்பரை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"லூப்பே! உனக்குக் கண்ணு நல்லா தெரியும். இது என்ன?"

"முழங்கால்."

"அதுக்குப் பின்னாடி, பொண்ணே."

"கம்பி. அதுல பூ மாதிரி ஏதோ."

"பூ இல்ல. நட்சத்திரம். ஒண்ணு மேல பாக்குது, அடுத்தது கீழ பாக்குது. இருபத்திரண்டு வருஷமா தேடறேன்."

சங்கத்துச் சட்டம் மூன்று. வேலிக்காரரிடம் முதலில் யார் கேட்கிறார்களோ அவருக்கே முதல் துண்டு. கேட்ட நாளிலிருந்து மூன்று நாளுக்குள் அறுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அறுத்தவர் தன் கையாலேயே வேலியைப் பழையபடி விறைப்பாகக் கட்டிவிட்டு வர வேண்டும். கட்டாமல் வந்தால் துண்டு அவருடையது இல்லை, அடுத்தவருடையது.

குவெண்டா உடனே நோஸ்கேக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார்.

"அந்தத் துருப்பிடிச்சதா? எப்ப வேணா வந்து எடுத்துக்கோங்க. திங்கக்கிழமை மிஷின் வந்து எல்லாத்தையும் பிடுங்கிக் குழியில தள்ளப் போவுது. அந்தக் கம்பி மூணு கம்பத்துக்கு நடுவுலதான் மிச்சம் இருக்கு."

போனை வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, டட்லி கூப்பிட்டார்.

"பேப்பர் பாத்தியா கிழவி?"

"என்ன பேப்பர்?"

"நடிக்காத. நோஸ்கே சொல்லிட்டான், ஒரு பொம்பளை முந்திக்கிட்டான்னு. சரி, இன்னிக்கு வியாழன். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் உன்னுது. அதுக்கப்புறம் என்னுது. இடுப்பு எப்படி இருக்கு?"

"டான்ஸ் ஆடறேன்."

"குனிஞ்சு ஆடறியா, நிமிந்து ஆடறியா?"

அவள் போனை வைத்துவிட்டாள். சனி ஞாயிறு லூப்பே வரமாட்டாள். மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வியாழன் மிச்சப் பொழுது முழுவதும் சமையலறைக்கும் கொட்டகைக்கும் நடந்தாள். கெண்டியில் தண்ணீர் கொதித்து அணைந்து மறுபடி கொதித்தது, தேநீர் போடவில்லை. அறுக்கிறது பிரச்சினை இல்லை, நீளக் கைப்பிடி வெட்டுக்கத்தரி இருக்கிறது, நின்றபடியே எட்டும். கட்டுவதுதான் பிரச்சினை. முழங்கால் உயரக் கம்பியைக் குனியாமல் எப்படிக் கட்டுவது? லூப்பேயின் விரல் கட்டட்டும், நான் சொல்லிக்கொடுத்தால் அது என் கை மாதிரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்தாறு தடவை சொன்ன பிறகு அது சட்டம் போலவே தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை லூப்பே வந்ததும் குவெண்டா தலையில் தொப்பியும் கையில் வெட்டுக்கத்தரியுமாக வாசலில் நின்றாள்.

"காய் வாங்கப் போகணும்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு நீள வெட்டுக்கத்தரி? முட்டைக்கோஸ் அவ்வளவு பெரிசா?"

"வழியில சொல்றேன்."

சொன்னாள். லூப்பே வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க தீவுல வேலியே கிடையாது தெரியுமா? பன்னிங்க ரோட்டுல அதுங்க பாட்டுக்குப் போகும் வரும். யாரும் கம்பிய அறுத்து வீட்டுல மாட்டி வைக்க மாட்டாங்க."

"பன்னி கெட்டுப்போகும். கம்பி கெடாது."

"அரை மணி நேரம்தான். குனிஞ்சீங்கன்னா தூக்கி வண்டில போட்டுக்கிட்டுத் திரும்பிடுவேன்."

அக்டோபர் மாதம். புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. லூப்பே தன் சின்னக் காரை மேய்ச்சல் தடத்தில் கொண்டுபோய் வேலியருகே நிறுத்தினாள். குவெண்டா சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு சக்கரம், பிரேக், நடுவில் உட்கார ஒரு பலகை வைத்த வண்டி அது. அதில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, சாமான் வைக்கத்தான்.

நட்சத்திரம் அங்கே இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, மறுபடி மேலே. பெரும்பகுதி துரு தின்று பொடியாகிக் கிடந்தது. ஒரே ஒரு முழம் மட்டும் முள் உதிராமல், முறுக்குக் கலையாமல் இருந்தது.

வேலி போடுகிறவர்கள் கத்தரியை எடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்வார்கள். கம்பத்தை உள்ளங்கையால் தள்ளிப் பார்ப்பார்கள், அது மண்ணைப் பிடித்து நிற்கிறதா, கம்பியைப் பிடித்து நிற்கிறதா என்று. அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன மேய்கிறது என்று பார்ப்பார்கள். முப்பத்தோரு வருடம் குவெண்டா இதைச் செய்யாத நாள் இல்லை. அன்று அவள் நட்சத்திரத்தைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. துண்டு புல்லில் விழுந்தது. லூப்பே எடுத்து நடைவண்டிக் கூடையில் வைத்தாள். அடுத்த நொடி நடுக்கம்பம் ஒரு பெருமூச்சு விட்டு மெதுவாகச் சாய்ந்தது. அதன் மேல் மாட்டியிருந்த மற்றக் கம்பிகளும் பட்பட்டென்று அறுந்து சுருண்டன. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு லாரி போகிற அளவுக்கு வழி திறந்துகொண்டது.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். பதினோரு ஆட்டுக் கடாக்கள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம், கார் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நோஸ்கேயின் பெட்டை ஆடுகள்.

"ஐயோ, கர்த்தரே," என்றாள் குவெண்டா.

இரண்டு கடாக்கள் அவசரப்படாமல் நடந்து வந்து, அவளைக் கடந்து, வேலை இருக்கிறவை போலப் போய்விட்டன.

"காரைக் குறுக்கே நிறுத்து! இப்பவே!"

லூப்பே காரைப் பின்னால் எடுத்து வழியில் பாதியை அடைத்தாள். மிச்சப் பாதி திறந்தே கிடந்தது. போனில் சிக்னல் இல்லை. பண்ணை வீட்டுக் கூரை தூரத்தில் தெரிந்தது, ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

"நான் ஓடறேன். நீங்க?"

குவெண்டா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மிச்சப் பாதியின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, பலகையில் உட்கார்ந்தாள். "நான் கதவு. ஓடு."

உட்கார்ந்தாள். எழுந்தால் கடா உள்ளே புகும். கடாவுக்கு அசையாத பொருள்தான் சுவர், அசைகிற பொருள் வெறும் கிழவி. ஒரு கொம்பன் ஐந்தடி தூரத்துக்கு வந்து அவளை மோந்து பார்த்தது. அவள் தொப்பியைக் கழற்றி மெதுவாக ஒரு தடவை ஆட்டினாள். அது பின்வாங்கியது, போகவில்லை. முதுகில் வெயில் ஏறியது. தொடை துடித்தது. எழுந்து நில் என்று கால் சொல்லிக்கொண்டே இருந்தது. கை கூடையைத் தொட்டது, துண்டைத் தடவியது, விட்டது, மறுபடி தடவியது.

நான்கு வருடத்துக்கு முன் டட்லி இதேபோல ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்திருந்தார், மழை என்று சொல்லி வேலியைக் கட்டாமல். சந்தேகப்பட்டு அவள் எண்பது கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய் அந்த இடைவெளியைப் படம் எடுத்து வந்து, கூடத்தில் பதினாலு பேர் முன்னால் காட்டினாள். துண்டு அவளுக்கு வந்தது. இப்போது அது நூற்று அறுபதாம் இடத்தில் தொங்குகிறது. டட்லி அன்று ஸ்கோனை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாற்பது நிமிடம் கழித்து நோஸ்கே வண்டியில் நாயோடு வந்தார். பின்னால் புதுக் கம்பிச் சுருளின் மேல் லூப்பே உட்கார்ந்திருந்தாள். நோஸ்கே முதலில் கிழவியைப் பார்த்தார். பிறகு பெட்டை ஆடுகள் நடுவில் குஷியாக இருந்த இரண்டு கடாக்களைப் பார்த்தார்.

"மிஸஸ் பாஸ்கோ, இதுங்க மார்ச் கடைசியில, புல்லெல்லாம் காஞ்சு கிடக்கறப்ப குட்டி போட்டா எதை மேயும்? மண்ணையா?"

"தப்பு என்னுது. கம்பத்தத் தள்ளிப் பாக்கலை."

"நீங்களா? நீங்களும் ராஸும் போட்ட வேலி எங்க அப்பா நிலத்துல இன்னும் நிக்குது!"

"அதான் சொல்றேனே, தப்புன்னு. திட்டறதுன்னா திட்டிட்டு வேலையப் பாருங்க, கடா காத்துக்கிட்டு இருக்கு."

அவர் திட்டினார், நன்றாகவே. அப்புறம் புதுக் கம்பம் நட்டு, கம்பி இழுத்துக் கட்டினார். லூப்பே பிடித்துக்கொண்டாள். குவெண்டா உட்கார்ந்த இடத்திலிருந்து, "இன்னும் ஒரு முறுக்கு, இன்னும் ஒண்ணு," என்றாள். அவர் கடைசியில், "இது என் வேலி அம்மா," என்றார்.

வரும் வழியில் லூப்பே கேட்டாள். "கம்பி கிடைச்சதே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கட்டினது நோஸ்கே."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். போதாததுக்கு டட்லி போய்ப் பார்ப்பான். நானா இருந்தா பாப்பேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டட்லி மாபி வாசலில் நின்றார். குவெண்டா துண்டை மேசை மேல் ஒரு துணியில் விரித்து வைத்திருந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"முள்ளு ஒண்ணுகூட உதிரலை."

"ஒண்ணுகூட."

"யார் கட்டினது?"

"நோஸ்கே. புதுக் கம்பத்தோட. ரெண்டு கடா வெளிய போச்சு."

டட்லி நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது. "அப்ப இது உன்னுது இல்ல."

"இல்ல. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கறதுன்னா காத்திரு, இல்ல இப்பவே எடுத்துக்க. எனக்கு அதப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

அவர் யோசிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துணியோடு சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குவெண்டா அவரை அதற்காகக் குறை நினைக்கவில்லை. வாசல் வரைக்கும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், வழியனுப்ப அல்ல, சும்மா நிற்க முடியாததால்.

டட்லி தன் வண்டியின் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினார்.

"திங்கக்கிழமை மிஷின் பிடுங்கறப்ப மேற்குப் பக்கத்து வேலிய ஒரு தடவை பாக்கலாம்னு இருக்கேன். படத்துல அது வரலை. என்ன இருக்குதோ. இந்த வண்டி சீட்டு உசரம், உன் இடுப்புக்குத் தோதா இருக்கும்."

"எத்தன மணிக்கு?"

"ஏழு."

"மிஷின்காரன் ஆறரைக்கே ஆரம்பிச்சுருவான். அஞ்சே முக்காலுக்கு வா."