லாரிகளுக்குப் பின்னால் ஒரு போர்டு

போன வருடம் கோடை விடுமுறையில் நடந்தது இது. எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். என் மகளுக்கு வீசிங். ஆனால் சாயந்திரமானால் ஃபுட்பால் ஆடியே தீர வேண்டும். "காத்து மோசமா இருக்கிற அன்னிக்கு மட்டும் விடாதீங்க. காத்து மாசு எண் நூறைத் தாண்டினா வேணாம்" என்றார் டாக்டர்.

அந்த நூறை எங்கே போய்ப் பார்ப்பது? செல்போன் வேறு ஏதோ ஏரியாவின் காற்றைக் காட்டியது. ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்கு மண்டை குடைந்துகொண்டே இருக்கும். சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு போன் போட்டேன். "எண்ணூர் ரோட்டுலயே அந்த எண்ணைக் காட்டுற போர்டு இருக்கும்மா. எல்லாம் ஓப்பன்தான், யார் வேணா பார்க்கலாம்" என்றார்கள்.

தினமும் போகிற ரோடு, போர்டை மட்டும் பார்த்ததே இல்லை. போய்த் தேடினால், ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அந்த வரிசை என்றைக்குக் காலியாகியிருக்கிறது? ஒரு டிரைவரிடம் வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னேன்.

"முன்னாடி எடம் எங்கக்கா கீது? இன்னா பாக்கணும் உனுக்கு?" என்றார். வியாசர்பாடிக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. வரிசை நகர்ந்தபோது, பின்னால் ஹாரன் காதைக் கிழிக்க, இடைவெளி விட்டு நின்றார். பச்சையில் 62. எனக்கு ஒரே குஷி. மகளை ஆட அனுப்பினேன்.

மறுநாள் லாரி இடுக்கில் எட்டிப் பார்த்தபோதும் 62. அதற்கடுத்த நாள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது, போர்டில் அப்போதும் 62. மூக்கை விட்டுவிட்டு போர்டை நம்பினேன். பாதி ஆட்டத்திலேயே மகளை இரண்டு பிள்ளைகள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். இன்ஹேலர் கொடுத்து அவள் மூச்சு சீராகும்வரை எனக்கு உயிரே இல்லை.

அன்றைக்கே நம்பர் கொடுத்திருந்த அந்த டிரைவருக்கு போன் செய்தேன். "நானும் பாத்துகினுதான்க்கா கீறேன். நின்னுபோன கடியாரம் மாரி அதே நம்பர்தான்" என்றார். அவரும் தோஸ்துகளும் லாரி நிற்கும்போதெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் அலுவலகத்தில் காட்டினேன். அதிகாரி நிஜமாகவே திகைத்துப்போனார். "இதுவரை யாரும் சொல்லலையேம்மா!"

"கண்ணுல பட்டாத்தானே சார் சொல்லுவாங்க?"

கொஞ்ச நாளில் போர்டைப் பழுது பார்த்து, லாரிக்கு மேலே தெரிகிற உயரத்தில் மாட்டினார்கள். அன்று சாயந்திரம் மஞ்சளில் 134 எரிந்தது. மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கோ அவ்வளவு நிம்மதி.

இப்போதும் யாராவது "எல்லாம் ஓப்பன்தான்" என்று சொன்னால், "நேத்து என்ன காட்டுச்சு?" என்றுதான் என் வாயில் முதலில் வருகிறது.